கேட்டால் மறுக்காத ஊர்

மூட்டை மூழ்கவில்லை.

கல் மாதிரி நேரே அடிக்குப் போய்விடும் என்றுதான் வினி நினைத்திருந்தாள். அதுவோ ஒருமுறை முங்கி, மூச்சு வாங்க எழும் பிள்ளையைப் போல மேலே வந்துவிட்டது. செய்தித்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய யங்கோனா வேர் மூட்டை. கப்பலின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எட்டிப் பார்க்கப் பார்க்க, அது ஒரு அலையில் ஏறி, இன்னொரு அலையில் இறங்கி, தன் பாட்டுக்கு மிதந்தது.

காய்ந்த வேர் மிதக்காமல் என்ன செய்யும்? பிறந்த நாள் முதல் அந்த வேரைத் தகரக் கூரைமேல் காயப்போட்டு, இடித்துக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? குதித்து எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கால் நகரவில்லை. யாராவது மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் போதும், அந்தச் சிவப்பு ரிப்பன் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

"அடியே வினி! எங்கடி தொலைஞ்சே? போட்டு கெளம்புது!"

லித்தியா சித்தியின் குரல். வினி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சித்தி தோளை மூடிய பூப்போட்ட சட்டையும் கணுக்கால்வரை சுலு என்ற சுற்றுத்துணியும் கட்டி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆகாது. பிரிஸ்பேனில் பத்துப் பதினைந்து வருடம் இருந்தாலும் இதை மறக்கவில்லை.

"என்னடி மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? வாந்தி வருதா?"

"இல்ல சித்தி."

"வந்தாலும் அடக்கிக்க. பொறந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போற மொதப் பொம்பள நான்தான். வாந்தி எடுத்துக்கிட்டே எறங்குனோம்னு வேற பேரு வேண்டாம்."

சித்திதான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவள். லௌட்டோகாத் துறைமுகத்தில் கிளம்பி யசாவாத் தீவுகளைச் சுற்றிவரும் 'கலோகாலோ' என்ற சின்னக் கப்பல். ஏறுகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள்; நம்மவர்கள் தட்டுக் கழுவவும் பாட்டுப் பாடவும்தான் ஏறுவார்கள். "நாமளும் ஒரு தடவ சாஞ்சு ஒக்காந்து பாத்துக்கிட்டே போவோம்டி. வழியில உங்கம்மா ஊரும் வருது," என்றாள் சித்தி. வினியின் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கப்பல் நின்றுபோகும் நாவிலி என்ற ஊர்தான் அம்மாவும் சித்தியும் பிறந்த ஊர்.

அந்தக் கப்பலில் எபராமாவும் இருப்பான் என்பது சித்திக்குத் தெரியாது. வினிக்குத் தெரியும். அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றாள்.

எபராமா வினியின் அப்பா இனோக்கேக்கு மச்சான் முறை. கப்பலில் பயணிகளைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. கிட்டார் வாசிப்பான், மீன்களின் பேர் சொல்வான், கிழவிகளைக் கையைப் பிடித்துப் படகில் இறக்குவான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஊரிலும் இறங்கும்போது யங்கோனா மூட்டையைச் சுமந்துபோய் அந்த ஊர்த் தலைவர் முன்னால் வைத்து, "வந்திருக்கிறோம், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அவன்தான். அந்த வேர் இல்லாமல் எந்த ஊரிலும் அயலான் கால் வைக்க முடியாது. வெறுங்கையோடு போனவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவனை வெறுங்கையோடு நிற்கவைக்க வேண்டும். கேப்டன் முன்னால், பயணிகள் முன்னால், அம்மாவின் ஊர் முன்னால். வினி திட்டம் போட்டதெல்லாம் இவ்வளவுதான்.

ஏன் என்றால், இரண்டு வருடம் முன்னால் இதே கப்பலின் கரைப்படகில் அவளும் இருந்தாள். அப்போது அப்பாதான் கப்பலின் படகோட்டி. பள்ளி விடுமுறையில் அவளை முன்பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருந்தார். பயணிகளைக் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஒரு இளம் பயணியிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த எபராமா, "நகரு மச்சான், நான் ஓட்டிக் காட்டுறேன்," என்று அப்பாவின் கையிலிருந்து சுக்கானை வாங்கினான். அப்பா சிரித்துக்கொண்டே நகர்ந்தார். மச்சான் கேட்டால் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் படகு பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்தது. ஒரு பாட்டியம்மாவுக்கு இடுப்பெலும்பு போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே எபராமா வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, குனிந்து உள்ளே வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டே வார்த்தை சொன்னான். "கேக்குறேன் மச்சான்."

சொந்தத்தில் ஒருவன் பாயில் உட்கார்ந்து 'கேட்கிறேன்' என்றுவிட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். வலை கேட்டால் வலை. பன்றி கேட்டால் பன்றி. எபராமா கேட்டது பழியை. அப்பா கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எடுத்துக்க," என்றார். மறுநாள் கேப்டனிடம் போய், "சுக்கான் என் கையிலதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்தார். பயணிகளை யாரும் விசாரிக்கவில்லை; படகு ஓட்டும் உரிமமும் போயிற்று. இப்போது கரும்பு ஆலையில் லாரியிலிருந்து கட்டு இறக்குகிறார். கடற்கரைப் பக்கமே போவதில்லை.

"நான் பாத்தேன்ப்பா! நான் சொல்றேன்!" என்று அன்றைக்கு வினி கத்தினாள்.

"கேட்டுட்டான்டி. குடுத்துட்டேன். அவ்வளவுதான்," என்றார் அப்பா.

அவ்வளவுதானா? வினிக்கு அவ்வளவுதான் இல்லை. கப்பலில் ஏறிய முதல்நாள் எபராமா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தான். "அடடே, இனோக்கே பொண்ணா! மருமகளே! உங்கப்பன் இன்னும் கரும்பு லாரியில தொங்குறானா? ஒடம்புல சீனி ஏறிடப்போவுது, பாத்துக்கச் சொல்லு!" பக்கத்தில் இருந்த வேலைக்காரப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானைக் கிண்டல் பண்ண மச்சானுக்கு உரிமை உண்டு. கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது. வினியும் சிரித்தாள். சிரித்த வாயிலேயே ரத்தம் வருகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு, படகு நாவிலிக் கரையை நெருங்கும்போதுதான் எபராமா மூட்டை வைத்த கூடையைத் திறந்தான். முதலில் ஒரு கையை விட்டான். பிறகு இரண்டு கையையும். பிறகு கூடையைக் கவிழ்த்தான். ரெண்டு தண்ணீர்ப் போத்தலும் ஒரு சன்கிரீம் டப்பாவும் விழுந்தன.

"டேய், மூட்டை எங்கடா?"

"அண்ணே, நீங்கதானே வெச்சீங்க?" என்றான் படகோட்டிப் பையன்.

"வெச்சேன்டா! காலையில வெச்சேன்! கடைசி மூட்டைடா அது!"

எபராமாவின் நெற்றியில் வேர்வை பொடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கேப்டன் திரும்பிப் பார்த்தார். வினி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. இந்தா, வந்துவிட்டது. கரையில் ஊரே நிற்கிறது. இறங்கு பார்ப்போம். என்னத்தை வைத்து இறங்குவாய்?

படகு மணலில் முட்டியது. ஒருவரும் இறங்கவில்லை. அப்போது கரையில் முழங்கால் தண்ணீரில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கையை உயர்த்தி ஆட்டினாள். அவள் கையில் சொட்டச் சொட்ட ஒரு மூட்டை. சிவப்பு ரிப்பன்.

"ஏ கப்பல்காரங்களா! உங்க மூட்டை உங்களுக்கு முன்னாடியே எறங்கிடுச்சே!"

ஊரே சிரித்தது. எபராமா ஒரு கணம் திகைத்து நின்றான். அடுத்த கணம் அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. படகிலிருந்து குதித்தான், மூட்டையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டான், பயணிகள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தான். கடலே தன் கையால் காணிக்கையைக் கொண்டுவந்து சேர்த்ததாக ஆங்கிலத்தில் ஒரு கதை. இப்படி நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்று இன்னொரு புளுகு. பயணிகள் கைதட்டினார்கள். கேப்டன்கூடச் சிரித்துவிட்டார்.

அவனைக் குழிக்குள் தள்ளப்போய், பல்லக்கில் ஏற்றி வைத்துவிட்டாள் வினி. இறங்கும்போது எபராமா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். "பாத்தியா மருமகளே? எனக்குக் கடலே வேலைக்காரன். உங்கப்பனுக்கு இந்தக் கொடுப்பினை இல்ல."

அந்த வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பெரிய சீமைப்பலா மரத்தடியில் பாய் விரித்திருந்தது. தலைவர் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் சொந்த அண்ணன், வினிக்குத் தாய்மாமன். அம்மாவின் அதே அகலமான நெற்றி. சடங்கு நடக்கும்போது தலைவர் வாய் திறக்கமாட்டார். அவருக்காகப் பேசுகிறவர் நெமானி. வற்றிய உடம்பு, கணீரென்ற குரல். எதிர்முனையில் பயணிகள் கால்களை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்தார்கள். எபராமா முழங்காலால் நகர்ந்துபோய், ஈர மூட்டையைப் பாயின் நடுவில் வைத்து, தலை குனிந்து, மனப்பாடமான வார்த்தைகளைச் சொன்னான்.

நெமானி முன்னால் சாய்ந்து கையை நீட்டினார். அந்தக் கை மூட்டையைத் தொட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

"அதத் தொடாதீங்க."

தன் குரல்தானா என்று வினிக்கே சந்தேகம். ஒரு குழந்தை எங்கோ தும்மியது. நெமானியின் கை பாதியில் நின்றது.

"யாரு பேசுனது?"

சித்தி வினியின் சுலுவைப் பிடித்து இழுத்தாள். "அடியே, வாய மூடு, வாய மூடு..." ஆனால் வினி அதற்குள் முழங்காலால் பாய்க்கு வந்துவிட்டாள்.

"நான் வினி, தரைவினி. அம்மா இந்த ஊரு. தலைவருக்குத் தங்கச்சி. அவரு கொண்டாந்தத வாங்காதீங்க. நான் கேக்குறேன்."

நெமானி தலைவரைப் பார்த்தார். தலைவர் வினியின் முகத்தைப் பார்த்தார். அதில் யாரையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் திறந்தார்.

நெமானி கையை எடுத்துக்கொண்டார்.

தாய்மாமன் ஊரில் தங்கை பிள்ளை கேட்டால் இல்லை என்ற சொல் கிடையாது. எதற்கு என்று கேட்பதும் கிடையாது. கிளம்பும் அன்று துறைமுக வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு அப்பாதான் இதைச் சொல்லி அனுப்பினார், உள்ளே வரவில்லை. "உங்கம்மா ஊர்ல நீ ராணிடி. என்ன கேட்டாலும் தந்தாவணும். வெறுங்கையோட வந்துடாத. ஒரு பன்னிக்குட்டியாவது கேட்டு வாங்கிட்டு வா!"

"கப்பலிலிருந்து வந்த மற்றவர்கள் எங்கள் விருந்தாளிகள்," என்று நெமானி கணீரென்று சொன்னார். "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். இந்த ஆளுடைய கையிலிருந்து மட்டும் நாங்கள் வாங்கவில்லை."

எபராமா மூட்டையை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, எழுந்து, கடலைப் பார்த்து நடந்தான். படகில் ஏறிப் போய்விடுவான் என்று வினி நினைத்தாள். அவன் போகவில்லை. ஈர மணல் முடிகிற இடத்தில் திரும்பி, ஊரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூட்டையை மடியில் வைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

மண்ணடுப்பைத் திறந்தார்கள். மரவள்ளி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப் பாலில் வெந்த கீரை, வாழையிலையில் சுட்ட மீன். வினி அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை கடற்கரையைப் பார்த்தாள். தண்ணீர் அவன் காலைத் தொட்டது. இன்னொரு மீன் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் அவன் மடியில் ஏறியது. அன்றைக்கு அப்பா விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது மாதிரி உட்கார். இன்னும் கொஞ்சம் உட்கார்.

பயணிகளில் ஒரு ஆள் மணலில் மண்டிபோட்டு எபராமாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து சித்தியிடம் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?" என்றாள் ஒரு ஊர்ப்பெண்.

"இந்த நிகழ்ச்சி தினமும் உண்டான்னு கேக்குறான்," என்றாள் சித்தி. "இன்னிக்கு மட்டும் ஸ்பெஷல்னேன்."

பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி சிரிக்கவில்லை. வினியின் காதைப் பிடித்துத் திருகாத குறையாகப் பக்கத்தில் இழுத்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"அவன் என்ன பண்ணான்னு உங்களுக்குத் தெரியாது சித்தி."

"தெரிய வேணாம். அங்க பாரு. அவன் தோத்துப்போயா ஒக்காந்திருக்கான்? மன்னிப்புக் கேட்டு ஒருத்தன் ஒக்காந்துட்டா, எந்திரின்னு சொல்ல வேண்டியது நீ. சொல்லாத வரைக்கும் ஊரு கண்ணு அவன் மேல இல்ல, உன் மேல இருக்கும். அவன் உக்காரலடி, உன்ன உக்கார வெச்சிருக்கான்."

வினி சுற்றிப் பார்த்தாள். உண்மைதான். கடற்கரையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மீன் முள்ளைக் கீழே வைத்தாள்.

நெமானி வந்து எதிரில் உட்கார்ந்தார். "மருமவளே, போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததுதான். அதே நேரம் தண்ணீரில் எபராமா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். முகம் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிறு மடிப்பு, 'சின்னப்புள்ள, எவ்வளவு நேரம் தாங்குவ?' என்று கேட்கிற மாதிரி.

"போதாது," என்றாள் வினி. எழுந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, முக்கியமாகக் கேப்டனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி படகு பாறையில ஏறுனப்ப சுக்கான யாரு பிடிச்சிருந்தாங்கன்னு அவரு வாயால சொல்லட்டும். சொன்னா வாங்கிக்கலாம்."

கேப்டனின் கையிலிருந்த இளநீர் அப்படியே நின்றது.

இப்போது எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். தண்ணீர் எபராமாவின் இடுப்பைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அவன் உடம்பு கொஞ்சம் ஆடியது. படகோட்டிப் பையன், "அண்ணே, எந்திரிங்கண்ணே," என்று அழாத குறையாகக் கூப்பிட்டான். எபராமா முடியாது என்று தலையை ஆட்டினான். இவனும் பிடிவாதக்காரன், அவளும் பிடிவாதக்காரி. நடுவில் கடல் மட்டும் அவசரமில்லாமல் ஏறியது. மூட்டையைச் சுற்றியிருந்த செய்தித்தாள் கூழாகிப் பிரிந்து போயிற்று. நெஞ்சுக்கு வந்தது தண்ணீர். கப்பலிலிருந்து ஊதல் ஒலித்தது.

செத்துக்கித்துத் தொலைத்துவிடுவானோ? எழுந்துவிடு, சொல்லிவிடு, சொல்லிவிட்டு எழுந்துவிடு என்று மனசுக்குள் அவனிடமே கெஞ்சினாள் வினி.

எபராமா வாயைத் திறந்தான்.

"சுக்கான் என் கையிலதான் இருந்துச்சு!"

தெளிவாகச் சொன்னான். கரையெல்லாம் கேட்டது. கேப்டன் எழுந்து நின்றார். வினிக்குத் தலை முதல் கால்வரை ஒரு சூடு ஓடியது. கேட்டீர்களா? எல்லாரும் கேட்டீர்களா? அப்பா இல்லை! அப்பா இல்லவே இல்லை!

எபராமா நிறுத்தவில்லை. எழுந்து நின்றான். தண்ணீர் வழிய வழிய முழங்கால் ஆழத்துக்கு நடந்து வந்தான்.

"அன்னிக்குச் சாயங்காலமே இனோக்கே வீட்டுக்குப் போனேன். பாயில ஒக்காந்தேன். கேக்குறேன் மச்சான்னேன். அவன் எடுத்துக்கன்னான். ஒரு வார்த்த பேசல. அப்படிக் குடுத்தவன் இந்தத் தீவுகள்ல வேற எவனும் இல்ல." அவன் குரல் நடுங்கியது, குளிரோ வேறு எதுவோ. "அவன் குடுத்தத இன்னிக்கு அவன் பொண்ணு கேட்டு வாங்கிட்டா. ஊரு பாத்துக்கங்க. நான் மறுக்கல."

ஈரக் கைகள் இரண்டையும் வினி பக்கம் நீட்டினான், உள்ளங்கை மேலே தெரிய. எதையோ ஏந்திக் கொடுக்கிற மாதிரி.

"இந்தா மருமகளே. திருப்பிக் குடுத்துட்டேன். பத்திரமா எடுத்துட்டுப் போய் உங்கப்பன்கிட்ட சேத்துடு."

உதட்டோரத்து மடிப்பு இப்போது ஒளிந்துகொள்ளவில்லை. முழுசாகவே சிரித்தான்.

எதையாவது கொடுத்து வாங்கினால் கையைக் குவித்து மூன்று முறை தட்டுவது வழக்கம். ஊரில் ஒரு கைகூட அசையவில்லை. பயணிகள் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

வினிக்கு முதலில் புரியவில்லை. சித்தி முகத்தில் கை வைத்துக்கொண்டு, "இசா, இசா... ஐயோ பாவமே," என்று முனகியபோதுதான் உறைத்தது. கேட்டவனுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். பிறகு அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கொடுத்ததைத் திருப்பி வாங்கிய வீடு என்று ஒரு பேர் வந்துவிட்டால், அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள், அந்த வீட்டுக்கு யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். அப்பா கடலை விட்டார், படகை விட்டார், துறைமுக வாசலுக்குள் வருவதைக்கூட விட்டார். மிச்சம் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, கொடுத்தவன் என்ற பேர். அதைத்தான் அவள் ஊர் நடுவில் கேட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

அப்போது தலைவர் பேசினார். சடங்கில் வாய் திறக்காதவர் பேசியதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உங்கம்மாவ இனோக்கேக்குக் குடுக்கும்போது எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? கையில காசு இல்லாதவன், ஆனா கையத் திறந்தா மூடத் தெரியாதவன்னாரு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கேட்டே. நாங்க தந்துட்டோம். போயிட்டு வாம்மா."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

நெமானி எபராமாவின் கையிலிருந்து பிய்ந்துபோன வேரை வாங்கிக்கொண்டார். சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே அவள் சொல்லியிருந்தாள்?

திரும்பும்போது எபராமா ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வினிக்கு எதிரில் உட்கார்ந்தான். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தவன், பாதி வழியில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். வேலை போகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் முணுமுணுத்தான்.

கேப்டன் இருவரிடம் மட்டும் பேசினார். எபராமாவிடம், "மேல ஏறுனதும் என் ரூமுக்கு வா." வினியிடம், "நாளைக்கு லௌட்டோகாவுல உங்கப்பாவ நான் பாக்கணும். வேலைக்குத் திரும்பக் கூப்பிடணும்."

அவள் தலையாட்டினாள். இதைத்தான் இரண்டு வருடமாக அவள் கனவு கண்டாள். கேப்டன் வந்து கூப்பிடுவார். அப்பா திரும்பப் படகில் ஏறுவார். இப்போது அந்தக் கனவில் அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். முகம் வரவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதுகுதான் வந்தது.

சித்தி ஒருமுறை மட்டும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எதையோ நினைத்தவள் போல விட்டுவிட்டாள்.

கப்பல் நாவிலியைத் தாண்டித் திரும்பியபோது மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் யாரோ கிட்டார் மீட்டினார்கள்; எபராமா இல்லை, வேறு யாரோ, தப்புத் தப்பாக. வினி காலையில் நின்ற அதே பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் ஒன்றும் மிதக்கவில்லை.

அடுத்த தீவின் செல்போன் கோபுரம் தெரிந்ததும் போனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் மணி அடித்தது. அப்பா. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாள். அது நின்று, திரும்ப அடித்தது. எடுத்தாள்.

பின்னால் ஆலைச் சங்கு ஊதியது. யாரோ லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"என்னடி ராணி, ஆளையே காணோம்? அம்மா ஊருக்குப் போயிட்டு வந்தாச்சா? மாமன் நல்லா இருக்காரா? என்ன அழுத மாதிரி மூச்சு வாங்குற, கப்பல் ஆடுதா? இங்க எல்லாரும் என்னக் கேட்டுத் தொலைக்கிறாங்க, பன்னிக்குட்டி வருதா, நாங்க கொட்டாய் போடணுமான்னு. சொல்லுடி." அப்பா சிரித்தார். "அங்க கேட்டு, அப்படி என்னத்த வாங்கிட்டு வர்ற?"